அப்டேட்டும் ஸ்னாப்ஷொட்டும்: 120 ஜிபி டிஸ்க்கில் எதை வைத்திருப்பது?

2024 பெப்ரவரி 17, காலை (மல்லாவியிலிருந்து வந்த கேள்வி)

மல்லாவிப் பக்கம் ஒரு பாடசாலையில் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் இயங்குதளம், எல்லாவற்றிலும் 120 ஜிபி எஸ்எஸ்டி. அப்டேட் செய்யச் செய்ய டைம்ஷிஃப்ட் என்ற நிரல், பழைய நிலைக்குத் திரும்புவதற்கென்று சிஸ்டத்தின் அப்போதைய நிலையை ஒவ்வொரு ஸ்னாப்ஷொட்டாக எடுத்து டிஸ்க்கை நிரப்பிவிடுகிறது. இன்று ஒரு கணினியில் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் திரை ஒருமுறை மினுங்கிவிட்டு மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்கிறது. இன்னொரு கணினியில் டைம்ஷிஃப்ட் கோப்புறையைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு ஸ்னாப்ஷொட்டும் 15 ஜிபி, 16 ஜிபி என்று காட்டுகிறது. இந்தத் தொல்லையை அடியோடு நிறுத்திவிட்டு அப்டேட்டை மட்டும் செய்தால் என்ன அண்ணா? வைரஸ் தொல்லை அதிகம் இல்லாத லினக்ஸுக்கு இது எதற்கு?

2024 பெப்ரவரி 17, இரவு

டீச்சர், நிறுத்துவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசுவோம். முதலில் உள்ளே போகிற வழி.

கடவுச்சொல் கேட்கும் திரையில் கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். உங்கள் கடவுச்சொல்லில் பிழை இல்லை. டிஸ்க் நிரம்பியதால், வரைகலைத் திரை தொடங்குவதற்கு ஹோம் கோப்புறையில் எழுத வேண்டிய சின்னக் கோப்பொன்றை எழுத இடமில்லை. டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு வழக்கமாக மொத்த இடத்தில் 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். அதனால் உங்களுக்கு இடமில்லை என்றான பிறகும் ரூட்டால் எழுத முடியும். டைம்ஷிஃப்ட்டும் ரூட்டாகத்தான் ஓடுகிறது. அதாவது, மாணவர் ஒரு வரி சேமிக்க முடியாமல் நிற்கும்போதும் அது அந்த ஒதுக்கீட்டுக்குள் கை வைக்கக்கூடும்.

கறுப்புத் திரையில் டைம்ஷிஃப்ட்டின் பட்டியல் ஆணையைக் கொடுத்தால் எல்லா ஸ்னாப்ஷொட்டுகளும் தேதியும் நேரமுமாக வரிசையில் நிற்கும். பழையதிலிருந்து தொடங்கி அதன் நீக்கல் ஆணையாலேயே நீக்குங்கள். கோப்பு மேலாளரில் கோப்புறையைப் பிடித்து அழிக்க வேண்டாம். அது குப்பைத் தொட்டிக்குப் போய் உட்கார்ந்தால் ஒரு பைட் இடம்கூடத் திரும்பாது.

15 ஜிபியையும் 16 ஜிபியையும் கூட்டவும் வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது கோப்பு கோப்பாக நகலெடுக்கும் ஆர்சிங்க் முறை. முதல் ஸ்னாப்ஷொட் மட்டுமே முழு நகல். அடுத்தடுத்தவற்றில் மாறாத கோப்புகள் நகலெடுக்கப்படுவதில்லை. டிஸ்க்கில் கிடக்கும் அதே கோப்புக்கு ஹார்ட் லிங்க் என்ற இன்னொரு பெயர் போடப்படும். கோப்புறையைத் தனியாகத் திறந்து அளந்தால் 15 ஜிபி என்றுதான் காட்டும், ஏனென்றால் அது அந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் எண்ணுகிறது. ஐந்து ஸ்னாப்ஷொட்டுகளுக்கு 75 ஜிபி போயிருக்காது. மறுபக்கம், ஒன்றை நீக்கினால் 15 ஜிபி திரும்பும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். வேறு எந்த ஸ்னாப்ஷொட்டிலும் பெயர் இல்லாத கோப்புகளின் இடம் மட்டுமே திரும்பும்.

2024 பெப்ரவரி 18

இன்றைக்கு அமைதியாக உட்கார்ந்து கேள்வியை இன்னொருமுறை வாசித்தேன். "அப்டேட் செய்யச் செய்ய" என்று எழுதியிருக்கிறீர்கள். மின்ட்டில் அப்படி இல்லை. அப்டேட் மேலாளர் "ஸ்னாப்ஷொட் அமைத்துக்கொள்ளுங்கள்" என்று நினைவூட்டுவதோடு சரி. எடுப்பது டைம்ஷிஃப்ட்டின் கால அட்டவணை: மாதம், வாரம், நாள், மணி, கணினி தொடங்கும்போது என்று ஐந்து வகை. அப்டேட் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதன் முறை வந்தால் எடுக்கும். அப்டேட்டுக்குச் சற்று முன் எடுக்கவேண்டும் என்ற எண்ணமே அதற்குக் கிடையாது.

உங்கள் அறையில் "தொடங்கும்போது" என்ற கட்டமும் தெரிவாகியிருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அது கணினி இயங்கத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து எடுக்கும். பாடவேளை தொடங்கிப் பிள்ளைகள் உலாவியைத் திறக்கும் அதே நேரம். பழைய கணினிகள் அப்போது திணறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதையும் "மணி"யையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

அப்டேட்டோடு கட்டிவைத்த ஸ்னாப்ஷொட் வேறு இனம். ஓப்பன்சூசே என்ற இன்னொரு லினக்ஸில் ஸ்னாப்பர் என்ற கருவி மென்பொருள் பொதி நிறுவலுக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாகச் சோடியாக எடுக்கும். மஞ்சாரோ லினக்ஸில் டைம்ஷிஃப்ட் ஓட்டோஸ்னாப் என்ற சின்ன நிரல், பேக்மேன் என்ற பொதி மேலாளர் வேலையைத் தொடங்குமுன் எடுக்கும். உபுண்டு, டெபியன் வழியினருக்கு அதே எண்ணத்தில் ஆப்ட் என்ற பொதி மேலாளருக்கென்று ஒருவர் எழுதிய ஓட்டோஸ்னாப் இருக்கிறது. பொதிகளை உண்மையில் நிறுவும் டிபிகேஜி ஓடுமுன் இயங்கும் கொக்கி ஒன்றில் அது தொங்கிக்கொண்டிருக்கும்.

2024 பெப்ரவரி 18, சற்றுப் பிறகு

வைரஸ் கேள்விக்குப் பதில் சொல்ல மறந்தேன். ஸ்னாப்ஷொட்டுக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை. அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை போய்விட்டது, அச்சுப்பொறி வாய் திறக்கவில்லை, திரை கறுப்பாகவே நிற்கிறது என்றால் நேற்றைய நிலைக்குத் திரும்பத்தான் இது.

2024 பெப்ரவரி 20

வவுனியாவிலிருந்து ஒரு நண்பர்: "ஆர்சிங்க் முறையை வைத்துக்கொண்டு அழுகிறீர்கள். பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்புக்கு மாறுங்கள். ஸ்னாப்ஷொட் ஒரு நொடி, இடம் பூச்சியம்."

ஒரு நொடி என்பது உண்மை. பூச்சியம் என்பது எடுத்த அந்த நிமிடத்துக்கு உண்மை. பிடிஆர்எஃப்எஸ் ஒரு கோப்பு மாறும்போது பழைய இடத்தில் மேலெழுதாது. புதிய இடத்தில் எழுதும். பழையதை ஸ்னாப்ஷொட் பிடித்து வைத்திருந்தால் அந்த இடம் விடுபடாது. ஆக எடுக்கும்போது செலவில்லை, அடுத்தடுத்த அப்டேட்டுகளில்தான் கணக்கு ஏறும். பெரிய மென்பொருளொன்றை நீக்கிவிட்டு "இடம் கூடவே இல்லையே" என்று கேட்டு வருபவர்களில் பாதிப்பேருக்கு விடை இதுதான்: நீக்கியது நேற்றைய ஸ்னாப்ஷொட்டில் உயிரோடு இருக்கிறது. ஸ்னாப்ஷொட்டையே நீக்கினாலும் இடம் உடனே திரும்பாது. பின்னணியில் துப்புரவு நடந்து சிறிது நேரம் கழித்தே எண்ணிக்கை மாறும். அவசரப்பட்டு அடுத்ததையும் நீக்கிவிட வேண்டாம். மிச்ச இடத்தைச் சொல்லும் டிஎஃப் ஆணை காட்டும் எண்ணைவிட பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்தப் பாவனை அறிக்கையே நம்பத்தக்கது.

இன்னொன்று. பிடிஆர்எஃப்எஸ் முறையில் ஸ்னாப்ஷொட் அதே டிஸ்க்கிலேயே இருக்கும். டைம்ஷிஃப்ட்டில் அதை வேறு டிஸ்க்குக்கு அனுப்ப வழியில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழை தொடங்கினால் பரந்தன் சந்தியில் என் மேசைக்கு வரும் கணினிகளைப் பார்த்தவர்கள் இதை மறக்கமாட்டார்கள். மின்னல் இறங்கிய டிஸ்க்கில் எந்த முறையும் ஒன்றுதான்.

2024 பெப்ரவரி 24

இதைச் சற்று நீட்டித்தான் எழுதவேண்டும். காலபோக அறுவடை நடக்கிறது, இந்த வாரம் ஒரு நெல் கொள்வனவுக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. புதுக்குடியிருப்புப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடையில் உபுண்டு, பிடிஆர்எஃப்எஸ், டைம்ஷிஃப்ட். மூடைக் கணக்கும் பற்றுச்சீட்டும் மரியாடிபி தரவுத்தளத்தில். புதன்கிழமை அப்டேட் ஒன்று ஓடியது. அதன் பிறகு பற்றுச்சீட்டு அடிக்கும் பழைய ஊசி அச்சுப்பொறி அசையவில்லை. வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையில் நிற்கின்றன. கடைக்காரரின் மருமகன் கெட்டிக்காரன். டைம்ஷிஃப்ட்டைத் திறந்து ஞாயிற்றுக்கிழமை ஸ்னாப்ஷொட்டைத் தெரிவுசெய்து மீளமைத்துவிட்டான். அச்சுப்பொறி சத்தம் போட்டு வேலை செய்தது. எல்லோருக்கும் சந்தோசம்.

பத்து மணிபோல ஒட்டுசுட்டானில் இருந்து ஒருவர் மிச்சப் பணம் வாங்க வந்தார். கையில் செவ்வாய்க்கிழமைப் பற்றுச்சீட்டு. அந்த இலக்கத்தைப் போட்டால் கணினி வேறொருவரின் பெயரைக் காட்டுகிறது, அன்று காலை எட்டு மணிக்கு நெல் நிறுத்தவரின் பெயரை. ஒரே இலக்கத்தில் இரண்டு சீட்டு, இரண்டு நிறை. திங்கள், செவ்வாய் இரண்டு நாள் கொள்வனவும் தரவுத்தளத்தில் இல்லை. வந்தவர் குரலை உயர்த்தாமல் சீட்டை மேசையில் வைத்துவிட்டு, "இது உங்கள் கையெழுத்துத்தானே?" என்று மட்டும் கேட்டாராம். கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான்: உபுண்டு வழியில் சிஸ்டம் முழுவதும் @ என்ற ஒரு சப்வால்யூமில் (பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குள் பிரித்து வைக்கும் உட்பகுதி), பயனர் கோப்புகள் @ஹோம் என்ற இன்னொன்றில். டைம்ஷிஃப்ட் இயல்பாக மீளமைப்பது முதலாவதை. மரியாடிபியின் தரவு வார் கோப்புறைக்குள், அதாவது முதலாவதுக்குள். அச்சுப்பொறியை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுபோனால் நெல்லும் கூடவே ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும்.

தரவு தப்பியது. பிடிஆர்எஃப்எஸ் முறையில் டைம்ஷிஃப்ட் மீளமைக்குமுன், அந்த நேரத்துச் சிஸ்டத்தையும் ஒரு ஸ்னாப்ஷொட்டாக ஒதுக்கி வைக்கும். பட்டியலில் அது நின்றது. அதிலிருந்து தரவுக் கோப்புறையை வேறிடத்துக்கு நகலெடுத்து, அதன்மேல் இன்னொரு மரியாடிபியை வேறு போர்ட்டில் ஓடவிட்டு, விடுபட்ட நாட்களின் பதிவுகளை டம்ப் (தரவுத்தளத்தில் திரும்ப ஏற்றக்கூடிய நகல்) எடுத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் மேல் பழைய கோப்புகளைக் கொண்டுபோய் ஒட்டுவது தற்கொலை. காலையில் போட்ட சீட்டுகளைக் கடைக்காரர் புது இலக்கத்தில் கையால் மறுபடி பதிந்தார். ஒவ்வொரு உழவரையும் கூப்பிட்டுப் பழைய சீட்டை வாங்கிப் புதியதைக் கொடுத்தார். அன்று பின்னேரம் முழுவதும் அதிலேயே போனது.

ஆர்சிங்க் முறையாக இருந்திருந்தால் இந்தக் கதையின் முடிவு வேறு. அது கோப்புகளை இருந்த இடத்திலேயே மேலெழுதும். மீளமைக்குமுன் நீங்களாக ஒன்று எடுத்து வைத்தால்தான் உண்டு. தவிர, ஆர்சிங்க் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைக் கோப்பு கோப்பாக நகலெடுக்கிறது. முதல் கோப்பு ஒரு நிமிடத்தது, கடைசிக் கோப்பு இன்னொரு நிமிடத்தது. அந்த நகல் எழும்பும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பிடிஆர்எஃப்எஸ் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பிடிப்பதால், திடீரென மின்சாரம் போன நிலையைப் போல இருக்கும். அதிலிருந்து மரியாடிபிக்குள் தரவைச் சேமிக்கும் இன்னோடிபி என்ற பகுதி தானாக எழும்பிக்கொள்ளும்.

அச்சுப்பொறியின் பிரச்சினைக்குச் சிஸ்டத்தையே பின்னால் இழுத்திருக்க வேண்டியதில்லை என்பதை மருமகனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு அன்று போதுமான அளவு கிடைத்திருந்தது. அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் பொதியை மட்டும் முந்தைய பதிப்புக்கு இறக்கிப் பார்த்திருக்கலாம்.

2024 பெப்ரவரி 25

நேற்றையதை வாசித்துவிட்டு இரண்டு பேர் ஒரே யோசனையை அனுப்பியிருக்கிறார்கள்: "மரியாடிபி கோப்புறையை மட்டும் ஒரு சப்வால்யூமாக மாற்றிவிட்டால் ஸ்னாப்ஷொட் அதைத் தொடாதே?"

தொடாது. பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷொட் உள்ளே இருக்கும் சப்வால்யூமுக்குள் இறங்காது. அந்த இடத்தில் வெறும் கோப்புறை மட்டும் தெரியும். ஆனால் மீளமைத்த பிறகு என்ன ஆகும் என்று யோசியுங்கள். புதிய @ எழும்பும். அதில் வெறும் கோப்புறை. உண்மையான தரவு, ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய @க்குள் மாட்டிக்கொண்டிருக்கும். பிறகு யாரோ "இந்தப் பழையது எதற்கு?" என்று அதை நீக்கப் பார்ப்பார்கள். ஆகவே @க்கு உள்ளே வைக்காமல், @, @ஹோம் நிற்கும் அதே மேல்மட்டத்தில் மூன்றாவதாக ஒன்றை உருவாக்கி, எதை எங்கே பொருத்துவது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பு வழியாகத் தரவுக் கோப்புறையின் இடத்தில் மவுன்ட் செய்யுங்கள். சிஸ்டம் முன்னும் பின்னும் போனாலும் அது அசையாது. கடையில் அப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு இரவும் டம்ப் எடுத்து யுஎஸ்பி குச்சியில் போடும் வேலையும் சேர்த்து.

ஓப்பன்சூசே இந்த வேலையை நிறுவும்போதே செய்துவிடுகிறது. லீப் 15இலிருந்து வார் முழுவதும் தனிச் சப்வால்யூம். இதற்காகவே அதற்கு மாறலாமா என்று ஒருவர் கேட்டார். இங்கே அடுத்த கடையிலும் உபுண்டு, பக்கத்துப் பையனுக்கும் உபுண்டுதான் தெரியும். பழுதானால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

2024 மார்ச் 2

மாங்குளத்துத் தம்பி ஒருவர் பட்டியலொன்றைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். உபுண்டு, ஆப்ட் ஓட்டோஸ்னாப். ஒரே காலையில் சில நிமிட இடைவெளியில் மூன்று ஸ்னாப்ஷொட். அதற்கு முந்தையது ஒன்றுமே இல்லை. "நான் அப்டேட்டே செய்யவில்லை அண்ணை, கடை திறந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்" என்கிறார்.

தம்பி, நீங்கள் செய்யவில்லை, உபுண்டு செய்தது. பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் இயல்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதன் நேரம் காலை 6 மணியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஏதோ ஒரு கணம். அப்போது கணினி அணைந்திருந்தால் விட்டுவிடாது; அடுத்து இயக்கியதும் தொடங்கும். அதாவது, இரவில் கணினியை அணைத்துப் பழகிய ஒவ்வொரு கடையிலும் அப்டேட் நடக்கும் நேரம் கடை திறக்கும் நேரம்.

மூன்று எப்படி வந்தது? அந்தச் சேவை எல்லாப் பொதிகளையும் ஒரே மூச்சில் நிறுவுவதில்லை. நடுவில் நிறுத்த நேர்ந்தால் பாதிப்பு குறையட்டும் என்று சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து நிறுவும். ஒவ்வொரு படியிலும் டிபிகேஜி புதிதாக அழைக்கப்படும். கொக்கியும் ஒவ்வொரு முறையும் இழுபடும். ஓட்டோஸ்னாப் இயல்பாக வைத்திருப்பது மூன்றே மூன்று. படிகள் மூன்றுக்கு மேல் போனால், அப்டேட்டுக்கு முந்தைய நிலையைக் காட்டும் முதல் ஸ்னாப்ஷொட்டே தூக்கி வீசப்பட்டுவிடும். மிஞ்சும் மூன்றும் பாதி நடந்த அப்டேட்டின் படங்கள். உங்களுக்குத் தேவையான ஒன்று மட்டும் அதில் இல்லை.

சரிசெய்ய: அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸின் அமைப்புக் கோப்பில் குறைந்தபட்சப் படிகள் என்ற தெரிவைப் பொய் என்று மாற்றினால் ஒரே மூச்சில் நிறுவும். அல்லது ஓட்டோஸ்னாப்பின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து பத்தாக உயர்த்துங்கள்.

2024 மார்ச் 3

எண்ணிக்கையை உயர்த்துங்கள் என்று நேற்று எழுதியதை இன்று அவ்வளவாக விரும்பவில்லை. பத்து வைத்தால் ஒரு காலைக்குப் பத்தும் போகலாம், டிஸ்க்கும் சின்னது. முதல் யோசனையே மேல், ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது: ஒரே மூச்சில் நடக்கும்போது நடுவில் கணினியை அணைக்கப் போனால் அது முடியும்வரை காத்திருக்கவேண்டும். மின்சாரம் காத்திருக்காது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் இதை மாற்றச் சொல்லியிருக்கமாட்டேன். யுபிஎஸ் இருக்கும் கடை, மடிக்கணினி என்றால் மாற்றுங்கள்.

ஸ்னாப்பர் இந்த விடயத்தில் கெட்டி. கேர்னல் (இயங்குதளத்தின் கரு) போன்ற பெரிய பொதிகள் சம்பந்தப்பட்ட ஸ்னாப்ஷொட்டை முக்கியமானது என்று குறித்து, அவற்றுக்கு வேறு எண்ணிக்கை வைத்திருக்கும். உலாவி அப்டேட் பத்துமுறை வந்தாலும் கேர்னலுக்கு முந்தையதைத் தள்ளிவிடாது. டைம்ஷிஃப்ட்டில் அது இல்லை. ஒரு குறுக்கு வழி இருக்கிறது: ஓட்டோஸ்னாப் தன்னுடையவற்றை அடையாளம் காண்பது அது எழுதிய குறிப்பை வைத்துத்தான். டைம்ஷிஃப்ட் பட்டியலில் அந்தக் குறிப்பை நீங்கள் மாற்றிவிட்டால் அது கணக்கிலிருந்து நழுவிவிடும், தானாக நீங்காது. நான் "அச்சுப்பொறி வேலை செய்கிறது, கை வைக்காதே" என்று எழுதி வைக்கிறேன். ஒரு கடையில் அதற்குக் கீழே யாரோ "சரி ஐயா" என்று இன்னொரு ஸ்னாப்ஷொட் எடுத்து வைத்திருந்தார்கள்.

அப்படி மாற்றியவற்றை அழிக்கவேண்டிய பொறுப்பும் இனி உங்களுடையதே. கையால் எடுப்பவையும் அப்படித்தான். அட்டவணை அவற்றைத் தொடாது.

2024 மார்ச் 4

மேலே மின்சாரம் பற்றி எழுதியதற்கு ஒட்டாக. அப்டேட் நடுவில் கணினி அணைந்தால் உடனே ஸ்னாப்ஷொட்டைத் தேடி ஓடாதீர்கள். பெரும்பாலும் டிபிகேஜியைப் பாதியில் நின்ற பொதிகளை அமைத்து முடிக்கச் சொன்னால் போதும். டிபிகேஜி, இடைவெளி, இரண்டு கோடு, கொன்ஃபிகர், இடைவெளி, ஒரு கோடு, ஏ. தொலைபேசியில் இதைச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து எனக்கு இப்போது தூக்கத்திலும் வருகிறது. "எந்தக் கோடு அண்ணை, மேலேயா கீழேயா?" என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

2024 மார்ச் 10

நெடுங்கேணி அண்ணை ஒருவரின் புதிர். அப்டேட் பிடிக்கவில்லை, ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்பினார். கணினி எழும்பியது. ஆனால் வைஃபை இல்லை, யுஎஸ்பி குச்சியைச் செருகினால் அசைவில்லை, ஒலியும் இல்லை. "திரும்பிப் போனதும் பழுதாகத்தான் இருக்கிறது, ஸ்னாப்ஷொட் பொய்" என்பது அவர் முடிவு.

அண்ணை, நிறுவும்போது கணினியை எழுப்பும் கோப்புகள் இருக்கும் பூட் கோப்புறைக்கென்று தனிப் பார்ட்டிஷன் பிரித்தீர்களா? டிஸ்க்கைக் குறியாக்கம் செய்தால் நிறுவி தானாகவே அப்படிப் பிரித்துவிடும். அந்தப் பார்ட்டிஷன் எக்ஸ்ட்4. பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷொட்டுக்குள் அது வராது. அப்டேட் புதிய கேர்னலை அங்கே வைத்தது. நீங்கள் திரும்பியபோது ரூட் மட்டும் பழைய நாளுக்குப் போனது. அதில் பழைய கேர்னலுக்கான மொடியூல்கள் (வன்பொருளை இயக்கும் துணைக் கோப்புகள்) மட்டுமே உண்டு. எழும்புவது புதிய கேர்னல், தேடுவது புதிய மொடியூல், அங்கே அது இல்லை. வைஃபை, ஒலி எல்லாம் மொடியூல்கள். கேர்னலோடு ஒட்டிப்போன அடிப்படை மட்டும் வேலை செய்யும்.

கணினி தொடங்கும்போது வரும் குரப் பட்டியலில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் பழைய கேர்னலைத் தெரிவுசெய்து எழுப்புங்கள். எல்லாம் திரும்பும். ஆப்ட் ஓட்டோஸ்னாப் இதற்காகவே பூட் பார்ட்டிஷனின் நகலொன்றையும் ரூட்டுக்குள் எடுத்து வைக்கிறது. அந்தத் தெரிவை அணைக்காதீர்கள்.

(பின்னர் சேர்த்தது: பழைய கேர்னலில் எழும்பிவிட்டதாம். "வைஃபை வந்துவிட்டது, மகள் பேரனைக் காட்டினாள்" என்று எழுதியிருக்கிறார். வேறு விளக்கம் கேட்கவில்லை.)

2024 மார்ச் 16

மல்லாவி டீச்சர் திரும்ப வந்திருக்கிறார். டிஸ்க்கில் இடம் வந்துவிட்டது, மாணவர் உள்ளே போகிறார்கள். அடியோடு நிறுத்தலாமா என்ற கேள்விக்குத்தான் இன்னும் நேரான பதில் தரவில்லை என்கிறார். நியாயம்.

முதல் நாள் என் மனதில் இருந்த பதில் "கூடாது". இப்போது மாற்றிக்கொள்கிறேன். கணினி அறையில் நிறுத்துங்கள். அந்தக் கணினிகளில் இழக்க ஒன்றுமில்லை. எல்லாம் ஒரே மாதிரி, பிள்ளைகளின் வேலை குச்சியில் போகிறது. ஒன்றை நன்றாக அமைத்துக் குளோன்சில்லா என்ற கருவியால் முழு டிஸ்க்கின் பிம்பம் எடுத்து வைத்துக்கொண்டால், கெட்டுப்போன கணினியில் அதை இறக்குவது நடுப்பாட இடைவேளையில் முடிகிற காரியம். அதற்கு முன் ஒவ்வொரு 120 ஜிபியிலும் முழுச் சிஸ்டத்தின் நகல் ஒன்றைச் சுமப்பது வீண். அப்டேட்டையும் எல்லாவற்றிலும் ஒன்றாக விடாமல், ஒன்றில் செய்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செய்யுங்கள்.

புள்ளிகளும் வரவுப் பதிவும் இருக்கும் அலுவலகக் கணினி வேறு. அதில் வாரத்துக்கு ஒன்று எடுத்து, கடைசி இரண்டை மட்டும் வைத்திருக்கட்டும். பெரிய அப்டேட்டுக்குமுன் கையால் ஒன்று. ஹோம் கோப்புறையை டைம்ஷிஃப்ட் இயல்பாகச் சேர்ப்பதில்லை, சேர்க்கவும் வேண்டாம். இல்லாவிட்டால் சிஸ்டத்தை மீளமைக்கும்போது புள்ளிப் பட்டியலும் போன வாரத்துக்குப் போய்விடும். புள்ளிகளுக்கு வேறு காப்பு, வேறு டிஸ்க்கில்.

பெரிய கோப்பு ஏதாவது சிஸ்டத்துக்குள் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஹார்ட் லிங்க் முழுக் கோப்புக்குத்தான். 20 ஜிபி மெய்நிகர்க் கணினிக் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அடுத்த ஸ்னாப்ஷொட்டில் இன்னொரு 20 ஜிபி ஏறும்.

2024 மார்ச் 23

"ஸ்னாப்ஷொட்டை வெளி டிஸ்க்கில் வைக்கலாம் என்றால் என் ஒரு டிபி டிஸ்க்கைப் பட்டியலில் காட்டுகிறது, தெரிவுசெய்ய விடமாட்டேன் என்கிறது" என்று துணுக்காயிலிருந்து ஒருவர்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பமைப்பில் உள்ள டிஸ்க்காக இருக்கும். ஆர்சிங்க் முறைக்கு லினக்ஸ் கோப்பமைப்பு வேண்டும்; கோப்பின் உரிமையும் அனுமதியும் ஹார்ட் லிங்க்கும் இருந்தபடியே தங்குவதற்கு எக்ஸ்ட்4 போன்ற ஒன்று. டிஸ்க்கின் ஒரு பகுதியைச் சுருக்கிப் பிரித்து எக்ஸ்ட்4 ஆக்கினால் 60 ஜிபி தாராளம். சுருக்குவதை விண்டோஸிலேயே செய்வது நல்லது. தொடங்குமுன் அந்த டிஸ்க்கில் இருக்கும் கலியாண வீடியோக்களை வேறெங்காவது நகலெடுத்து வையுங்கள். அந்த வகை டிஸ்க் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு கலியாணமாவது இருக்கும், ஸ்னாப்ஷொட்டால் அது திரும்பாது.